அந்த இரண்டு கிலோ

அன்பு மகளுக்கு,

ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று போனில் குதித்தாயே, உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு இல்லையம்மா, தண்ணீர்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். நீ மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டு ஓடவும் ஆரம்பித்ததில் அந்தக் கையிருப்பு கரைந்து, தண்ணீரும் கூடவே போய்விட்டது. பழையபடி சாப்பிட்டால் அது திரும்ப வரும். தராசைப் பார்த்துப் பதறி இன்னும் பட்டினி கிடக்காதே.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றாயே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே தள்ளும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும். போதாக்குறைக்கு உப்பையும் நீ பாதியாக்கிவிட்டாய்! வியர்க்க வியர்க்க ஓடுகிறவளுக்கு அது தேவையா? சாப்பாட்டைத் தவிர்ப்பதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது காய், பழம், சமைத்த சாப்பாடு வழியாகத்தான் வருகிறது. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர்தானே.

சரி, ஓடும்போது எவ்வளவு குடிப்பது? எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வியர்க்கும், இன்னொருவருக்கு ஒன்றரை லிட்டரும் போகும். உன் கணக்கை நீயே பார்த்துவிடலாம். ஓடுவதற்கு முன் எடை பார். வந்ததும் வியர்வையை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பார். 60 கிலோ 59.2 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், வியர்த்தது 1.1 லிட்டர். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இறங்கவிடாதே. அதற்கு மேல் போனால் கால் சோர்ந்துவிடும்.

ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால்தான் எனக்குப் பயம். தேவைக்கு மேல் குடித்திருக்கிறாய் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ரத்தத்தில் உள்ள சோடியத்தை, அதாவது உப்புச்சத்தை, நீர்த்துப்போக வைத்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அது மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. யாரோ சொன்னார்கள் என்று தாகமில்லாமல் பாட்டில் பாட்டிலாகக் குடிக்காதே.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். வைட்டமின் மாத்திரை போட்ட அன்று பளிச்சென்ற மஞ்சளில் போகும், அதைக் கணக்கில் எடுக்காதே.

தலைசுற்றல் இந்த வாரமும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடு. அப்புறம், அடுத்த ஓட்டத்தில் முன்னும் பின்னும் வந்த எடையை எனக்கு அனுப்பு, சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அப்பா