மொட்டைமாடியைக் காலி செய்யச் சொன்ன செயற்குழுவுக்கு

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் மாடியில் பதினேழு வருடமாகக் குடியிருப்பவள் எழுதுகிறேன். போன புதன்கிழமை லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். மொட்டைமாடியில் உள்ள செடிகள், தொட்டிகள், இதர பொருட்கள் அனைத்தையும் ஆகஸ்ட் 15க்குள் அகற்ற வேண்டும், தவறினால் சங்கமே அப்புறப்படுத்தும் என்று இருந்தது. மாடியில் செடி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். "அனைத்து உரிமையாளர்களின் கவனத்திற்கு" என்று தலைப்பு போட்டதற்குப் பதிலாக என் வீட்டு மணியை அடித்திருக்கலாம். ஒரு காபியாவது குடித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தங்கை மேடவாக்கம் பக்கம் இருக்கிறாள். அவள் குடியிருப்பிலும் இதே நோட்டீஸ், ஏறக்குறைய இதே வாசகம். கசிவு, பாரம், கொசு, தண்ணீர், நாற்றம் என்று காரணங்களின் வரிசைகூட மாறவில்லை. சென்னையில் மாடியில் நாலு செடிப் பை வைத்தவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தக் காகிதத்தைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

கசிவில் தொடங்குகிறேன். அதில் நிஜமாகவே ஒரு வீடு நனைகிறது. நான்காம் மாடியில் படுக்கையறைக் கூரையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்வதை நானே போய்ப் பார்த்தேன். அந்த வீட்டாருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் ஓதம் இருப்பது தென்மேற்கு மூலையில். என் பைகள் இருப்பது கிழக்குச் சுவரோரம். தென்மேற்கு மூலைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று யாராவது ஏறிப் பார்த்தீர்களா? தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் இருக்கிறது. மோட்டாரை அணைக்க மறக்கும் நாட்களில் எல்லாம் அது தட்டோட்டின் மேல்தான் ஊற்றுகிறது. பக்கத்தில் டிஷ் ஆன்டெனாவுக்காகத் தரையைத் துளைத்துப் போட்ட நாலு போல்ட்டுகள். கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

இதில் என் பங்கு எதுவுமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. 2017இல் தொடங்கியபோது பைகளைத் தரையிலேயே வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து நகர்த்தினால் அடியில் பாசி, தட்டோட்டு இணைப்பில் கறுப்பு. அப்படியே விட்டிருந்தால் உங்கள் குற்றச்சாட்டு இன்று உண்மையாகியிருக்கும். அடுத்த மாதமே ஓரடி உயர இரும்பு ஸ்டாண்டுகள் செய்யச் சொல்லி, எல்லாவற்றையும் தூக்கி வைத்தேன். இன்று அடியில் துடைப்பம் போகும், காற்றும் போகும். மழைநீர் வடிகுழாய்களின் வாயில் சேரும் சருகை வாரத்துக்கு ஒருமுறை அள்ளுவதும் நான்தான். இந்தச் சருகு பெரும்பாலும் பக்கத்து மனையின் வேப்பமரத்தினுடையது, என் கத்தரிச் செடியினுடையது அல்ல.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. வடிகுழாய்களை அடைத்து, சந்தேகப்படும் பகுதியில் கரை கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒருநாள் விட்டுக் கீழே பார்ப்பது. கிழக்குப் பக்கம் ஒருமுறை, தென்மேற்கு மூலையில் ஒருமுறை செய்யுங்கள். கூலியை நான் தருகிறேன். கிழக்குப் பக்கம் நிறுத்திய தண்ணீர் கீழே இறங்கினால், ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காலி செய்கிறேன்.

மாடி இவ்வளவு பாரம் தாங்காது என்று பொருளாளர் சார் சொன்னது பாதி சரி. என் அக்கா மகன் சிவில் இன்ஜினியர். அவனிடம் கேட்டேன். ஆள் ஏறிப் போய்வரும் தட்டைக் கூரைக்கு, கூரையின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ தாங்கும்படி கணக்குப் போட வேண்டும் என்று இந்தியத் தரநிலை 875இன் இரண்டாம் பாகம் சொல்கிறதாம். என் பைகளில் இருப்பது வெறும் மண் அல்ல. தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம், கொஞ்சம் செம்மண். தண்ணீர் ஊற்றியபின் ஒரு பையைத் தூக்கிக் குளியலறைத் தராசில் வைத்தேன். பதினெட்டு கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு நாலு பைக்கு மேல் வைப்பதில்லை. ஸ்டாண்டின் எடையைச் சேர்த்தாலும் நூறைத் தொடாது. புத்தாண்டு இரவு நாம் எழுபது பேர் மாடி நடுவில் கூட்டமாக ஆடினோமே, அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. (ஆடியவர்களில் நானும் உண்டு.)

ஆனால் அந்த நீல டிரம் தப்புதான். இருநூறு லிட்டர் டிரம்மில் முக்கால்வாசி மண்ணை நிரப்பி முருங்கை வைத்தேன். கால் கிலோ முருங்கைக்காய் ஐம்பது ரூபாய்க்கு விற்ற ஒரு தை மாதத்தில் வந்த ஆசை அது. ஈரமானால் அதன் எடை இருநூற்றைம்பது கிலோவைத் தாண்டும், அதுவும் கால் சதுர மீட்டர் இடத்தில். அக்கா மகன் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். முருங்கை தரையில் இருக்க வேண்டிய மரம். டிரம்மை இறக்கிவிடுகிறேன்.

கொசுவைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால்தான் ஆபத்து. நான் தட்டு வைப்பதில்லை. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண் சென்ற ஐப்பசியில் நம் கட்டடத்தில் புழு கண்டுபிடித்த இடம், கார் நிறுத்துமிடத்தில் கிடக்கும் பழைய டயர். டயர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீருக்கு வருகிறேன். 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். நாம் லாரிக்கு வரிசையில் நின்றோம். அந்தக் கோடையில் என் செடிகளில் பாதியைக் காயவிட்டேன். ஒரு வாளி தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும்போது வெண்டைக்கு ஊற்ற மனம் வரவில்லை. மீதிப் பாதியைக் காப்பாற்றியது அரிசி கழுவிய தண்ணீரும் காய் அலசிய தண்ணீரும் ஏ.சி. சொட்டும் தண்ணீரும்தான். இன்றும் அவைதான் முதலில். ஆர்.ஓ. எந்திரம் தள்ளும் தண்ணீரையும் முயன்றேன், இலை ஓரம் கருகியது. அதில் உப்பு கூடுதல், நேரடியாக ஊற்றக் கூடாது. இப்போது நாற்பத்தாறு பைகளுக்கு நாளுக்கு ஐம்பது லிட்டர் ஆகிறது, அதில் தொட்டித் தண்ணீர் பாதிகூட இல்லை. நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. அதில் இருபது இருபத்தைந்து லிட்டர் என் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தண்ணீரை இந்த அளவுக்குக் குறைத்தது மூடாக்கு. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா தொடங்கிய வானகம் பண்ணைக்கு, அவர் மறைந்து நாலு வருடம் கழித்துப் போயிருந்தேன். அங்கே பார்த்ததில் பாதி சென்னை மாடிக்குச் சரிப்படவில்லை. மண்ணை வெயில் பார்க்கவிடாமல் சருகால் மூடி வைக்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூடாக்கு போட்ட பையில் பங்குனி வெயிலிலும் இரண்டாம் நாள் விரல் விட்டால் ஈரம் இருக்கும். "இயற்கையோடு வாழ்கிறேன்" என்று நான் சொன்னதாக வாட்ஸ்அப் குழுவில் கேலி ஓடியதையும் பார்த்தேன். அப்படி எங்கும் சொன்னதில்லை. என் வீட்டில் ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் இருக்கின்றன. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கடையில்தான். மாடியிலிருந்து வருவது கீரை வாரம் மூன்று நாள், கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், பருவத்தில் தக்காளி, தையிலிருந்து அவரை. கறிவேப்பிலையும் புதினாவும் மட்டும் வெளியே வாங்கி வருடங்களாகிவிட்டன.

கொஞ்சம்தானே என்று தோன்றும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு மாற்றிய நாட்களில் அது கொஞ்சமாகத் தெரியவில்லை. முளைக்கீரை விதைத்து இருபத்தைந்தே நாளில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக் குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும். அந்த மாதம் பதினொரு வீட்டுக் கதவுப் பிடியில் கீரைக்கட்டு தொங்கவிட்டேன். செயலாளர் சார், உங்கள் வீட்டுக் கதவிலும்தான். சொல்லிக்காட்டுகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நாற்றத்துக்கு நேரடியாக மன்னிப்பு. மீன் அமிலம் என்று ஒரு ஊட்டம் இருக்கிறது. மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை போட்டு மூடி இருபத்தொரு நாள் வைப்பது. சரியாக வந்தால் பழ வாசனைதான் வரும். சென்ற மார்ச்சில் பூனை ஜாடியை உருட்டிவிட்டது. மூன்று நாள் நான்காம் மாடியில் யாரும் சன்னலைத் திறக்கவில்லை. இனி அது இந்தக் கட்டடத்தில் இல்லை.

ஆனால் மட்கு உரத்தொட்டிகளையும் அதே நாற்றக் கணக்கில் சேர்த்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈரம் அதிகமானால்தான் அது நாறும். ஒரு பிடி கழிவுக்கு ஒரு பிடி சருகு போட்டு, புளித்த மோர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் காட்டு மண் வாசனை வரும். இப்போது ஆறு வீடுகள் தங்கள் காய்த்தோலை எனக்குத் தருகின்றன. ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தேன், நாளுக்கு மூன்று கிலோ. இல்லையென்றால் அந்த மூன்று கிலோவும் லாரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் என்பது நமக்குத் தெரியாததல்ல, வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருந்தது. நம்முடையது அவ்வளவு பெரிய வளாகம் இல்லை, நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாமலே செய்கிற ஆறு வீடுகளை நிறுத்தச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. நான் ஆரம்பித்த பைகளும் நார்க்கட்டியும் விதைப் பொட்டலமும் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்தவை. 2013-14இலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென்று அரசு தொடங்கிய திட்டம் அது. அரசு மானியம் கொடுத்து ஏற்றிவிட்டதை, சங்கம் காகிதம் ஒட்டி இறக்குகிறது.

மாடி பொது இடம், எல்லோருக்கும் அதில் பாகம் உண்டு என்று நோட்டீஸின் கடைசி வரி சொல்கிறது. சரிதான், எனக்கு அதில் இருபத்து நாலில் ஒரு பங்குதான். என் பைகள் அடைத்திருக்கும் இடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அளந்து சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறேன். துணி காயப்போடும் கம்பிப் பக்கம் பந்தல் படரக் கூடாது என்றால் கோவைக்கொடியை இழுத்துக் கட்டுகிறேன். ஸ்டாண்டு கட்டாயம், டிரம் கூடாது, தட்டு கூடாது, வடிகுழாய்க்கு மூன்றடி தள்ளி வைக்க வேண்டும் என்று விதியாக எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். விதி இருந்தால் இரண்டாம் மாடியிலும் ஒரு வீட்டில் பை வாங்கக் காத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கிறார்கள்.

நீங்கள் குறித்த தேதிதான் என்னைச் சுடுகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆனிக் கடைசியில் நாற்றுத்தட்டில் போட்ட கத்தரியும் மிளகாயும் இப்போது நாலு இலை விட்டு நிற்கின்றன. ஆடிப்பெருக்கு வாக்கில் பைக்கு மாற்ற வேண்டும். காலி செய்வதா இல்லையா என்று புரட்டாசியில் முடிவானால் எனக்கு இந்தப் பட்டம் போனதுதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஏழு மணிக்கு ஒருமுறை மேலே வாருங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அன்றுதான் டிரம்மை இறக்க ஆள் வருகிறார். முருங்கையை வெட்டுவதற்கு முன் கீரை முழுவதையும் உருவிவிடுவேன். வேண்டியவர்கள் ஒரு பை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, கிழக்குப் பக்க வீடு