ஷோப்பினுக்கு அப்புறம் யாருமே இல்லையா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த போலந்து இசைக் கட்டுரை பியானோ மேதை ஷோப்பினில் தொடங்கி நேரே இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷிமானோவ்ஸ்கிக்குத் தாவிவிட்டது. இடையில் மியெச்சிஸ்வாவ் கார்வோவிச் என்றொரு இசையமைப்பாளர் இருந்தார். 1909 பிப்ரவரியில் தாத்ரா மலையில் பனிச்சறுக்குக்குத் தனியே போய், பனிச்சரிவில் சிக்கி இறந்தபோது வயது 32தான். அதற்குள் ஒரு சிம்பொனி, வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோ, ஆறு சிம்பொனிக் கவிதைகள் (ஒரு கதையையோ உணர்வையோ இசைக்குழுவால் சொல்லும் படைப்புகள்). கடைசிக் கவிதை பாதியில் நிற்க, நடத்துநர் ஃபிட்டெல்பெர்க் அதை முடித்துவைத்தார். இவரை விட்டுவிட்டால் போலந்து இசை என்றாலே பியானோதான் என்றாகிவிடும்.

அந்த ஆறில் ஒன்றான, மூன்று பகுதிகள் கொண்ட 'நித்தியப் பாடல்க'ளை முதலில் பேருந்தில் கேட்டேன். மெல்லிய இடங்களையெல்லாம் இன்ஜின் விழுங்கிவிட்டது. சரி என்று இரவில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். இரண்டாம் பாடல் முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அடுத்த இணைப்பில் கார்வோவிச்சுக்கும் அவர் தலைமுறையைச் சேர்ந்த இசையமைப்பாளர் ருஜித்ஸ்கிக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.