மகாலோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். மதுரைக்கு வருகிறவர்கள் திருமலை நாயக்கர் மகாலில் தூணைக் கட்டிப்பிடித்து ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே ஆட்டோ ஏறிவிடுகிறார்கள். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று நாம் பார்ப்பது ஏறக்குறைய கால்வாசிதான். மீதியில் பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். அந்த அரண்மனையின் மிச்சம் என்று சொல்லப்படும் பத்துத் தூண்கள் கொஞ்ச தூரத்திலேயே பத்துத்தூண் சந்தில் நிற்கின்றன, நடந்தே போகலாம். இருபக்கமும் ஜவுளிக்கடை, நைட்டியும் துண்டும் தொங்குகின்றன, நடுவே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கல் தூண்கள், மேலே கூரை கிடையாது, தீபாவளி நேரத்தில் போனால் கூட்டத்தில் தூணைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாது. மகாலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. பக்கத்திலேயே ஜிகர்தண்டா கிடைக்கும், வெயிலுக்கு அதையும் விடாதீர்கள்.

மகால் வாசலில் இந்த இரண்டுக்கும் வழிகாட்டி, பளிச்சென்று கண்ணில் படுகிற மாதிரி தமிழில் ஒரு பலகை வைக்கலாமே? உங்கள் மதுரைப் பதிப்பில் இதை எழுதினால் நல்லது.

- ஒரு வாசகர், கீழவாசல், மதுரை