வெந்நீர் ஊற்றுகளைச் சுரங்கக் கணக்கில் சேர்க்காதீர்கள்: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய புவி அறிவியல் அமைச்சகத்துக்கும், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் அறிவியலாளர்களுக்கும் வணக்கம்.

2024 டிசம்பரில் நம் தானியங்கி நீர்மூழ்கி, இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தது. அதைப் பார்த்து நானும் பெருமைப்பட்டேன். ஆனால் இந்த ஆழ்கடல் தேடல் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி என்ற பட்டியல்தான் முன்னால் நிற்கிறது. அந்த உலோகங்களைப் படியவைக்கும் அதே ஊற்றுநீர்தான் அங்குள்ள உயிர்களுக்குச் சோறு போடுகிறது. அதைப் பற்றியே இந்த மடல்.

அந்த ஆழத்தில் வெயில் கிடையாது. ஊற்றுநீரில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற பொருள்களிலிருந்து ஆற்றல் எடுத்து, கரியமில வாயுவை உணவாக மாற்றுவது பாக்டீரியாதான். பெரிய விலங்குகள் பலவும் இந்த பாக்டீரியாவைத் தங்கள் உடம்பிலேயே குடிவைத்துக்கொள்கின்றன.

மத்திய இந்தியப் பெருங்கடல் முகடு என்ற கடலடி மலைத்தொடரின் ஊற்றுகளில் மொய்க்கும் ரிமிகாரிஸ் கைரேய் என்ற இறாலையே பாருங்கள். அதன் தலையோட்டுக்குள் உள்ள அறை ஊதிப் பெருத்திருக்கும். அறையின் உட்சுவரிலும் வாயுறுப்புகளின் மயிரிலும் பாக்டீரியா அடர்ந்து வளர்கிறது. அந்த பாக்டீரியாவுக்குச் சல்ஃபைடும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஊற்றிலிருந்து வருவது ஒன்று, குளிர்ந்த கடல்நீரில் இருப்பது இன்னொன்று. இரண்டும் கலக்கும் குறுகிய இடத்தில்தான் இறால் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே போனால் வெந்துவிடும், பின்னே போனால் பாக்டீரியாவுக்குத் தீனி இல்லை. இதன் அட்லாண்டிக் உறவான இன்னொரு இறாலில் நடந்த சோதனையில், பாக்டீரியா செய்த உணவு தோல் வழியாகவே இறாலின் உடம்புக்குள் போவது தெரியவந்தது. இறால் ஓட்டைக் கழற்றும்போது அதில் ஒட்டியிருந்த கூட்டமும் சேர்ந்தே போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குடியேற்றம் நடக்க வேண்டும்.

அப்புறம் செதில்கால் நத்தை. 2001-இல் அதே முகட்டில் உள்ள கைரேய் என்ற ஊற்றில் கண்டெடுக்கப்பட்டது. அங்குள்ள நத்தையின் ஓட்டிலும் கால் செதில்களிலும் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கும். செதில்களின் மேல் ஒருவகை பாக்டீரியா, உணவுக்குழாய்ச் சுரப்பிக்குள் இன்னொரு வகை. அந்தச் சுரப்பி மிகப் பெரிதாக வளர்ந்து, செரிமான உறுப்புகள் சுருங்கிவிட்டன. உள்ளே இருக்கும் கூட்டத்துக்கு ஆக்சிஜன் சேர்க்க, உடலின் கன அளவில் சுமார் 4 சதவீதம் இடத்தை இதயமே பிடித்திருக்கிறது. ஆழ்கடல் சுரங்கத்தால் அழியும் அபாயம் உள்ளது என்று, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களைப் பதிவுசெய்யும் உலகச் சிவப்புப் பட்டியலில் முதலில் ஏறிய உயிரினம் இதுதான், 2019-இல்.

கேமராவில் இறால் தெரியும், நத்தை தெரியும். அவற்றைப் பிழைக்கவைக்கும் பாக்டீரியா தெரியாது. ஊற்று விலங்குகள் எல்லாம் பாக்டீரியாவை முட்டையிலேயே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடுவதில்லை. குழாய்ப்புழுக்களின் குஞ்சுகள் அதைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் பெறுகின்றன. ஆகவே விலங்கை மட்டும் எங்காவது காப்பாற்றி வைத்துப் பிறகு கொண்டுவந்து விடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஊற்றின் நீர் ஓடும் வழி அடைபட்டாலும், தோண்டும்போது கிளம்பும் சேறு மேலே படிந்தாலும் இந்த உறவு அறுந்துபோகும்.

சர்வதேசக் கடலடித் தாதுக்களை நிர்வகிக்கும் சர்வதேச கடற்படுகை ஆணையத்துடன் 2016-இல் செய்த ஒப்பந்தத்தில், தாதுவைத் தேடிப் பார்க்க நமக்கு 10,000 சதுர கிலோமீட்டர் கிடைத்தது. 2025-இல் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் இன்னொரு 10,000. விதிப்படி இதில் முக்கால் பங்கைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று தாதுவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெந்நீர் வரும் ஊற்று எதிலும் சுரங்கம் தோண்ட மாட்டோம் என்று இப்போதே எழுத்தில் அறிவியுங்கள். அவிந்துபோன ஊற்று என்று ஒன்றைச் சொல்வதற்கு முன், பக்கத்து ஊற்றோடு அதற்கு அடியில் தொடர்பு இல்லை என்பதை நிரூபியுங்கள். கனடா தன் கடலில் எண்டெவர் ஊற்றுகளை 2003-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. சர்வதேசக் கடலில் நாம் தனியாக அப்படி அறிவிக்க முடியாது, சரி. ஆனால் நம் ஒப்பந்தப் பகுதிக்குள் எதைத் தொட மாட்டோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஆட்களை ஏற்றிச் செல்லும் நம் ஆழ்கடல் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000-இல் மனிதர்கள் இறங்கப் போகிறார்கள். அதன் பயணத் திட்டத்தில் நுண்ணுயிரியலாளர்களுக்கும் இடம் கொடுங்கள். விலங்குகளின் செவுளிலும் தோலிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாவின் மரபணுத் தரவுகளை, ஊற்றுநீரின் வேதியியல் அளவீடுகளோடு சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் பகுதிகளின் தரவுகளையும் விட்டுவிடாதீர்கள். அடுத்து அங்கே வேறு நாடு ஒன்று விண்ணப்பிக்கலாம். அப்போது அங்கே என்ன உயிர்கள் இருந்தன என்பதற்கு உங்கள் பதிவு மட்டுமே சாட்சியாக இருக்கக்கூடும்.

மதிப்புடன்,
கடலுயிரியல் ஆர்வலர் ஒருவர், சென்னை