கோ மொழியின் ஆவணங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

கோ மொழிக் குழுவினருக்கு வணக்கம்.

கோ நிரல்மொழியில் கம்பைலருக்கு, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு, இடும் டைரக்டிவ்கள் என்ற கட்டளைகள் பெரும்பாலும் கமெண்ட் வடிவில்தான் (கம்பைலர் வழக்கமாகக் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகளாக) இருக்கின்றன. இரண்டு சாய்கோடு, ஒட்டினாற்போல் 'கோ', ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் டைரக்டிவின் பெயர். சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அது வெறும் கமெண்ட். கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை நிரலுக்குள் சேர்க்கும் 'எம்பெட்' டைரக்டிவை அப்படி எழுதினால் நிரல் ஒழுங்காகக் கம்பைல் ஆகும், ஓடும். கோப்பின் உள்ளடக்கம் இருக்க வேண்டிய மாறி மட்டும் காலியாக இருக்கும். ஒரு கோப்பை எந்தச் சூழலில் கம்பைல் செய்ய வேண்டும் என்று சொல்லும் பழைய '+பில்ட்' வரியை இடைவெளி விட்டு எழுதுவதே வழக்கமாக இருந்தது. 2021-இல் 1.17 பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த 'கோ:பில்ட்' இடைவெளியை ஏற்காது. பழகிய கை தவறுவதில் என்ன வியப்பு?

டைரக்டிவின் பெயரைத் தப்பாக எழுதினாலும் இதே கதிதான். மொழியோடு வரும் உங்கள் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போது மட்டும் தெரியாத டைரக்டிவ் பிழையாகக் காட்டப்படுகிறது. எங்கள் நிரலுக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே ஆவணத்தைத்தான் நாங்கள் நம்பியிருக்கிறோம்.

அந்த ஆவணம் எங்கே இருக்கிறது? 'பில்ட்', 'ஜெனரேட்' இரண்டும் கோ கமாண்டின் பக்கத்தில். 'எம்பெட்' அதே பெயருள்ள பேக்கேஜில் (நிரல் தொகுப்பில்). 'நோஇன்லைன்', 'நோஸ்ப்ளிட்', 'லிங்க்நேம்' எல்லாம் கம்பைலரின் பக்கத்தில். 1.21-இல் வந்த 'டீபக்' பற்றித் தனிக் கட்டுரை. நிரல் ஓடும்போது துணைநிற்கும் ரன்டைமுக்கு மட்டுமே உரியவை அதன் சோர்ஸ் கோட் அடைவிலுள்ள ஒரு குறிப்புக் கோப்பில். மொழி விவரக்குறிப்பைத் திறந்தால் டைரக்டிவ்களே இல்லை. ஏற்கெனவே பெயர் தெரிந்தவர் தேடி எடுத்துவிடுவார். வேறொருவர் எழுதிய நிரலில் அந்த வரியை முதல்முறை பார்க்கும் இளைஞர் எங்கிருந்து தொடங்குவார்?

இடம் சிதறியிருப்பதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, விளக்கங்களில் விடுபட்டது. 'நோஎஸ்கேப்' ஒன்றை மட்டும் பாருங்கள். கோ மொழியில் உடல் எழுதப்படாத ஃபங்ஷன்களுக்கு, பெரும்பாலும் இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதியவற்றுக்கு, இதைப் போடுகிறோம். கொடுத்த பாயின்டர்கள் (மெமரி முகவரிகள்) ஹீப் என்ற நீடித்த மெமரிப் பகுதிக்கோ திரும்பிவரும் மதிப்புக்கோ போகாது என்று இது குறிப்பதாகவும், ஒரு மதிப்பை எங்கே வைக்கலாம் என்று கம்பைலர் முடிவெடுக்கும் எஸ்கேப் அனாலிசிஸுக்கு அது பயன்படுவதாகவும் ஆவணம் சொல்கிறது. சரி. ஆனால் இது நிரலாளர் தரும் வாக்கு. கம்பைலர் சரிபார்க்காமல் அப்படியே நம்பிவிடும். அசெம்பிளி அந்தப் பாயின்டரை எங்காவது சேமித்து வைத்தால், அது காட்டும் மதிப்பு ஸ்டாக் என்ற தற்காலிக மெமரியில் இருக்கும், அழைத்த ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறொன்றுக்குப் போய்விடும். பிறகு தொடர்பே இல்லாத ஏதோ ஒரு மூலையில் நிரல் உடையும். இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். 'நோஸ்ப்ளிட்' விளக்கத்தில் மெமரி கெடும் என்ற எச்சரிக்கையை நீங்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள். அதே அக்கறை இதற்கும் வேண்டும்.

நீங்கள் நன்றாக எழுதக்கூடியவர்கள் என்பதற்கு 'எம்பெட்' பக்கமே சாட்சி. டைரக்டிவை எங்கே எழுதலாம், எந்த வகை மாறிக்கு மேல் எழுதலாம், அடைவின் பெயரைத் தந்தால் புள்ளியிலும் அடிக்கோட்டிலும் தொடங்கும் கோப்புகள் விடுபடும், அவையும் வேண்டுமென்றால் 'ஆல்' முன்னொட்டு என எல்லாம் உதாரணங்களோடு இருக்கின்றன.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். எல்லா டைரக்டிவ்களும் அதில் வரட்டும். விரிவான விளக்கம் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கலாம், இணைப்பு தந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் எங்கே எழுதலாம், எந்தப் பதிப்பில் வந்தது, தப்பாக எழுதினால் பிழை வருமா, சத்தமில்லாமல் போய்விடுமா என்று குறிப்பிடுங்கள். இடைவெளி பற்றிய எச்சரிக்கை அந்தப் பக்கத்தின் முதல் பத்தியாக இருக்கட்டும்.

இன்னொன்றும் அவசியம்: இந்த டைரக்டிவ் நாளையும் இதே மாதிரி இயங்குமா என்பது. 'லிங்க்நேம்' வழியாக ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் உள்பெயர்களை எடுத்தாள்வதை 2024 ஆகஸ்டில் 1.23 பதிப்பு கட்டுப்படுத்தியது. அந்த முடிவு சரிதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த டைரக்டிவை எத்தனையோ பேக்கேஜ்கள் நம்பியிருந்தன. நிலைத்தன்மைக்கு உறுதியில்லை என்ற ஒரு வரி ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் பலர் வேறு வழி தேடியிருப்பார்கள்.

முதல் வரைவை எழுதித் தர நான் தயார். நீங்கள் மாற்றங்களை மறுஆய்வு செய்யும் கெரிட் தளத்தில் அனுப்புகிறேன். கம்பைலர் தெரிந்த ஒருவரை அதை மறுஆய்வு செய்ய ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
கோ மொழியில் நிரல் எழுதும் ஒருவர்