புரொப்பெல்லர் மாற்றும் முன் ஒரு நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம். சீசன் தொடங்குது, நிறைய பேர் புரொப்பெல்லர் மாத்தப் போறீங்க. பக்கத்துப் படகுல என்ன போட்டிருக்காங்களோ அதையே கேட்டு வாங்காதீங்க.

புரொப்பெல்லர் மேல 11 × 13 மாதிரி எண் வெட்டியிருக்கும். முதல் எண் விட்டம், ரெண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு புரொப்பெல்லர் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேறணும்ங்கிறது. ரெண்டும் அங்குலக் கணக்கு. நாம முக்கியமா பார்க்க வேண்டியது பிட்ச்.

வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல், ஆள் எல்லாம் ஏத்திக்கிட்டு முழு த்ராட்டில்ல ஓட்டி ஆர்.பி.எம். (மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுத்துதுன்னு) பாருங்க. மீட்டர் இல்லாதவங்க மெக்கானிக்கிட்ட கேட்டு வாங்குங்க. கையேட்டுல 4500–5500ன்னு போட்டிருந்தா, அதுக்குள்ள நிக்கணும். அதுக்குக் கீழே நின்னா பிட்ச்சைக் குறைங்க, மேலே போனா கூட்டுங்க. ஒரு அங்குலத்துக்கு சுமார் 150–200 சுற்று மாறும். என் 40 குதிரைத்திறன் மோட்டார் 13 பிட்ச்ல, சுமையோட 4400ஐத் தாண்டவே இல்ல. 11 பிட்ச் போட்டதும் 4800 வந்துச்சு, படகும் சட்டுன்னு எழும்புது. வெறும் படகுல வேகம் கொஞ்சம் குறையும்தான். ஆனா மூச்சுத்திணறி ஓடுற மோட்டார் சூடேறி, பிஸ்டனையே கெடுத்துடும்.

பாறை உள்ள கரைக்கு அலுமினியமே போதும். அடிபட்டா இதழ் வளையும், கியர் பெரும்பாலும் தப்பிச்சுக்கும்.

கழட்டும்போது மறக்காம ஷாஃப்டைப் பாருங்க. தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) சுத்தியிருந்தா, தண்ணி உள்ளே போகாம தடுக்கிற ஆயில் சீலை அறுத்துடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ளே போயிடுச்சுன்னு அர்த்தம், அதோட கடலுக்குப் போகாதீங்க. திரும்ப மாட்டுறப்போ கிரீஸ் தடவி, நட்டு கழராம பிடிக்கிற காட்டர் பின்னைப் புதுசா போடுங்க.

உங்க மோட்டார் குதிரைத்திறன், படகு நீளம், இப்போதைய பிட்ச், ஆர்.பி.எம். நாலையும் குழுவுல போடுங்க, சேர்ந்து பார்ப்போம்.