விக் இல்லாமல் ஒரு போட்டோ அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தங்கச்சி, அவள் பிள்ளை எல்லோரும் நலம். போன் போட்டால் "புரோகிராம்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரக் காணோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதைத் தங்கச்சி படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். முழுதாகப் படி.

சளி எப்படி இருக்கிறது? போன மாதம் அனுப்பிய போட்டோவில் மாஸ்க் போட்டிருந்தாய். வீடியோ காலில் வா என்றால் ரூமில் வெளிச்சம் இல்லை என்கிறாய். வடபழனியில் கரண்ட் இல்லையா என்ன? சளி என்றால் நொச்சி இலை போட்டு ஆவி பிடி. மூக்கடைப்புக்கெல்லாம் டாக்டரைத் தேடிப் போகாதே. போனால் ஸ்கேன் எடு, எலும்பு வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தலாம், இதைச் செதுக்கலாம் என்று ஆரம்பிப்பார்கள். நம் வீட்டில் எல்லோருக்கும் அது கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். உன் அப்பத்தாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த மூக்கில்தான் மூச்சு வந்து போனது.

வீட்டு விஷயம் ஒன்றும் பெரிதாக இல்லை. பின்பக்க ஓடு மாற்றியாயிற்று. மாசித் திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள் வந்து பேசினார்கள். இந்த வருஷம் அப்பாவும் பிள்ளையும் ஒரே மேடையில் ஏற வேண்டுமாம், வாத்தியாரும் சூப்பர் ஸ்டாரும் என்று போஸ்டரே அடிக்கப் போகிறார்களாம். நான் சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ சென்னை ரேட்டைச் சொந்த ஊரில் கேட்டு என் மானத்தை வாங்காதே. ராத்திரி பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிடுவோம் என்று போலீஸ் இப்போதெல்லாம் எழுதி வாங்கிக்கொள்கிறது. அதனால் ஏழு மணிக்கே மேக்கப் முடிந்திருக்க வேண்டும். நீ வழக்கம்போல ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்குவது நடக்காது.

டிசம்பர் நெருங்குகிறது, உனக்கு நேரம் இருக்காது, தெரியும். உனக்கு 12-ம் தேதி. எனக்கு டிசம்பர் 24-ம் இருக்கிறது, ஜனவரி 17-ம் இருக்கிறது. நினைவு நாளும் பிறந்த நாளும் அடுத்தடுத்து வருவதால் இந்த ஒரு விஷயத்தில் நான் உனக்கு ஒரு படி மேல். உன் ஆள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், நான் தப்பாகச் சொல்லவில்லை. இந்த முறையும் 24-ம் தேதி மெரினாவுக்கு வருவேன். சமாதிக்கு வெளியே நிற்கும்போது நீ வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வேஷத்தோடு வராதே. சாதாரணமாக வா.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஆள் கடைசிக் காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெளியே வந்ததே கிடையாது. பாதி முகத்தை அதுவே மூடிவிடும். மீதிக்கு ரோஸ் பவுடர், ஒரு கோடு மீசை, தோளில் துண்டு, அவ்வளவுதான். அவர் 1987-ல் போய்விட்டார், அந்த உருவம் அப்படியே நின்றுவிட்டது, இனி மாறப்போவதில்லை. உன் ஆள் அப்படி இல்லை. 1995-ல் பாட்ஷா ஒரு மாதிரி, 2016-ல் கபாலியில் நரைத்த தாடியும் கோட்டும், 2023-ல் ஜெயிலரில் வேறு மாதிரி. அவர் ஒரு படம் நடித்தால் நீ ஒரு விக் வாங்க வேண்டும். ஊர்ப்புறத்தில் இன்னும் பாட்ஷாதான் கேட்பான், கல்யாண மண்டபத்தில் புதுப் படம் கேட்பான். எனக்கு இருந்த சௌகரியம் உனக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்த மனுஷர் வெளியே எப்படி வருகிறார்? விக் கிடையாது, டை கிடையாது, வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டு மேடை ஏறி நிற்கிறார். ஜனம் அதற்கும்தான் விசில் அடிக்கிறது. அவரே கழற்றி வைத்துவிட்டு வருகிற முகத்தை நீ எதற்குக் கழற்ற முடியாதபடி வாங்கப் பார்க்கிறாய்?

சரி, அதை விடு. நான் சளியைப் பற்றித்தான் கேட்டேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது விடிகாலையில் புரோகிராம் முடிந்து வருவேன். நீ கட்டிலில் இருந்து எழுந்து பார்த்துவிட்டு அம்மா முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வாய். "மீசைய எடு" என்று அழுவாய். ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிய மீசை இழுத்தால் தோலோடு வரும். தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டு எடுக்க வேண்டும். மேல் உதட்டில் ஒரு சிவந்த கோடு நிற்கும். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மடியில் ஏறுவாய். இன்றைக்கு அதே பிள்ளைக்கு என் மேக்கப் பெட்டியில் இருக்கிற சாமான் போதவில்லை.

உன் கெட்டப்பை நான் குறை சொல்லவில்லை. முத்துவில் வருகிற மாதிரி துண்டை வீசித் தோளில் போடுகிறாயே, அந்த வீடியோவை டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன். நடை அப்படியே இருக்கிறது. இடது தோளை மட்டும் கொஞ்சம் அதிகமாக ஆட்டுகிறாய், குறைத்துக்கொள். நடைதான் தம்பி தொழில். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் மூக்கு யாருக்கும் தெரியாது. 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு வாத்தியார் வந்தபோது உன் தாத்தா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். எனக்குத் தெரிந்தது ஒரு தொப்பியும் ஒரு கையும்தான். முகமே தெரியவில்லை. ஆனாலும் எம்.ஜி.ஆரைப் பார்த்தேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.

இப்போது செல்பி வந்துவிட்டது, ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடிக்கிறான், ரீல்ஸில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கீழே கேவலமாக எழுதுகிறான் என்பாய். எழுதுவான்தான். எனக்கும் மேடைக்குக் கீழே இருந்து கத்தியிருக்கிறார்கள். குரலுக்குக்கூட அளவுகோல் வைத்திருந்தார்கள். 1967-ல் வாத்தியாருக்குக் குண்டு பட்டதற்கு முந்தின குரல் ஒன்று, பிந்தின குரல் ஒன்று. பழைய படத்து வசனத்தைப் புதுக் குரலில் பேசினால் கிழவர்கள் எழுந்து நின்று திட்டுவார்கள். அதைக் கேட்டு நான் தொண்டையை அறுத்துக்கொள்ளவில்லை.

தேர்தல் வேனில் போனபோது நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வத்தலக்குண்டு தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு பாட்டி வேனை மறித்து, முதியோர் பென்ஷன் மனுவை நீட்டினாள். நான் கும்பிட்டு, "ஆத்தா, நான் வேஷக்காரன்" என்று மெதுவாகச் சொன்னேன். "நீ அவரு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? வாங்கிக்க" என்றாள். மனுவில் கைநாட்டு மை காயவில்லை, என் வெள்ளைச் சட்டைப் பையில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. தாலுகா ஆபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியாது. அவர்களுக்கு நாம் யார் என்று நன்றாகவே தெரியும் தம்பி. தெரிந்துகொண்டுதான் கையைப் பிடிக்கிறார்கள்.

தேர்தல் என்றதும் ஞாபகம் வந்தது. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் பிரச்சாரம் முடிவதற்குள் முழுப் பணத்தையும் வாங்கிவிடு. வேட்பாளர் தோற்றுவிட்டால் மீதிப் பணம் வராது. ஜெயித்தாலும் ஆளைப் பிடிக்க முடியாது.

இன்னொன்று, மனைப்பிரிவு விளம்பரத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாயே, கையெழுத்துப் போடாதே. 2015-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இந்திப் படத்துக்கு உன் ஆள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. 2023 ஜனவரியில் அவர் தரப்பு வக்கீலும் பேர், படம், குரல் எதையும் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் கொடுத்தார். திருவிழாவில் ஆடுகிறவனை யாரும் தேடி வரமாட்டார்கள். பிளாட் விற்கிறவன் தப்பித்துவிடுவான், படத்தில் நிற்கிறவன் நீ. ஜாடை இருந்தால் கலைஞன், அச்சு அசலாக இருந்தால் ஆள்மாறாட்டம் என்பார்கள். இதற்காகவாவது கொஞ்சம் வித்தியாசம் இருக்கட்டும். கையெழுத்துப் போடாதே. விளம்பரத்தில் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரி ஃபாரம், கடன் ஃபாரம், எதிலும் அப்பாவைக் கேட்காமல் போடாதே.

தங்கச்சியின் செயின் அவள் கழுத்தில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

நான் உன்னைத் தடுக்கிறவன் இல்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிறேன் என்றபோது அம்மாதான் அழுதாள், நான் என் பழைய பேன்கேக் மேக்கப் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். கொரோனா வந்து கோயில் கொடையெல்லாம் நின்றுபோனபோது என் தொப்பி டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நீ பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்து இந்த வீட்டில் உலை வைத்தாய். அப்போது எந்தக் கதவைத் திறந்தவனும் உன்னை யார் மாதிரி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை இப்போது எனக்கு மாஸ்க் போட்ட போட்டோ அனுப்புகிறான்.

தொழில் கணக்கையும் பார். எங்கள் செட்டில் சிவாஜி வேஷக்காரர் வராத அன்றைக்கு நான்தான் சிவாஜி. ஒரு தடவை ஜெமினி கணேசனாகக்கூட நின்றேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. வெறும் முகமாக இருந்ததால்தான் எதை வேண்டுமானாலும் அதில் போட முடிந்தது. நாளைக்கு வேறு ஒரு நடிகருக்கு சீசன் வந்தால் நீ என்ன செய்வாய்? ஒட்டினதை எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம். அறுத்ததை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. அது என் அம்மா மூக்குடா. எனக்குக்கூட அது வரவில்லை, உனக்குத்தான் வந்தது. அவள் போன பிறகு அந்த மூக்கைப் பார்க்க வேண்டும் என்றால் நான் உன்னைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மா இருக்கட்டும் என்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. அவர் ஒல்லி என்பதற்காக நீ பட்டினி கிடக்க வேண்டாம். ஆவி பிடி.

அப்புறம், தேனிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம், பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாள். புரோக்கரிடம் உன் ஸ்டில் ஒன்றைக் கொடுத்தோம். "இது ரஜினி படம்ல, பையன் படத்தைக் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் விக் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், மாஸ்க் இல்லாமல் ஒரு போட்டோ உடனே அனுப்பு. நேராகப் பார்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் போட்டோவும் பெண் வீட்டில்தான் கேட்கிறார்கள், நான் கேட்கவில்லை.

மாசிக்கு வரும்போது கபாலி கோட்டை எடுத்து வா, பொத்தான் விட்டுப்போயிருந்தது, அம்மா தைத்துத் தருவாள். கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று இந்த வாரத்துக்குள் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா

பின்குறிப்பு: தங்கச்சியிடம் போன் செய்து சத்தம் போடாதே. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.